வரப்பிலே ஒரு வாத்தியார்

தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு சிறு கிராமம். அதன் பெயரை நாம் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவ்வூர்க்காரர்கள் கோபித்துக் கொள்வார்கள். அல்லது, தங்கள் ஊரைச் சொல்லவில்லையே என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கோபித்துக் கொள்வார்கள். சென்ற ஆண்டு தாளடிப் பருவத்தில் உறவினர் ஒருவரைப் பார்ப்பதற்காக அங்கே போயிருந்தோம். காலையில் வாய்க்கால் கரையோடு உலாவிவிட்டுத் திரும்பும்போது, வரப்பின் மேல் குந்தியிருந்த விவசாயி ஒருவர், கையில் ஒரு நெற்பயிரை வேரோடு பிடுங்கி வைத்துக் கொண்டு அதையே உற்றுப் பார்த்துக் கொண்டிருந்தார்.

"நட்டு இருபது நாள் ஆச்சுங்க, ஐயா. பயிர் எழும்பவே மாட்டேங்குது. குருத்து வெளுத்துப் போகுது. கீழ் இலையிலே துரு ஏறின மாதிரி புள்ளி புள்ளியா விழுது" என்றார்.

விவசாய ஆபீஸுக்குப் போய்க் கேட்டீர்களா என்று விசாரித்தோம். போயிருந்தாராம். அங்கிருந்த உத்தியோகஸ்தர் நல்ல மனிதர், மரியாதையாகவே பேசினாராம். ஆனால் அன்று பயிர்க் காப்பீட்டுக்குப் பெயர் பதியக் கடைசி நாளுக்கு முதல் நாள். சிட்டா, அடங்கல், ஆதார் நகல், பாங்குப் புஸ்தகத்தின் நகல் எல்லாம் இருக்கின்றனவா என்று அவர் கேட்டாராம்.

"பயிரைப் பார்த்தாரா?"

"பயிர் கையிலேதாங்க இருந்தது. அவருக்குத்தான் நிமிர்ந்து பார்க்க நேரம் இல்லே. திரும்பி வரும்போது மருந்துக் கடைக்காரர் பார்த்தார். பார்த்துட்டு ஒரு பாட்டில் எடுத்துக் கொடுத்தார்."

என்ன நோய்க்கு என்று கேட்டோம். அதை அவர் கேட்கவில்லையாம், கடைக்காரரும் சொல்லவில்லையாம்.

பேனா பிடிக்கும் தொழிலைத் தவிர வேறொன்றும் அறியாத நாம் அவருக்கு என்ன யோசனை சொல்ல முடியும்? பேசாமல் வீடு திரும்பினோம். ஆனால் அந்த வெளுத்த குருத்து நம் மனதை விட்டு அகலவில்லை. கலாசாலையில் ஒரு சாஸ்திரம் இருக்கிறது. வயலில் ஒரு சங்கடம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சில மைல் தூரந்தான். அந்தத் தூரத்தை நடந்து கடக்க வேண்டியவர் யார்? இந்தக் கேள்விக்கு விடை தேடி ஒரு தேசமே பாடுபட்ட சரித்திரம் ஒன்று உண்டு.

அமெரிக்காவின் டெக்ஸாஸ் ராஜ்யத்தில், மெக்ஸிகோ நாட்டிலிருந்து எல்லை தாண்டி வந்த கூன்வண்டு ஒன்று 1892-ஆம் வருஷ வாக்கில் பருத்திக் காடுகளில் குடியேறியது. பருத்தி மொட்டைத் துளைத்து உள்ளே முட்டையிடுவது அதன் வழக்கம். மொட்டு உதிர்ந்துவிடும், விவசாயியின் வாழ்வும் கூடவே உதிர்ந்துவிடும். சர்க்காரும் பண்டிதர்களும் புஸ்தகம் அச்சிட்டு விநியோகித்தார்கள். படித்தவர்கள் சிலர், நம்பியவர்கள் அதிலும் சிலர். மாதிரிப் பண்ணைகளும் வைத்துப் பார்த்தார்கள். விவசாயிகள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, "சர்க்கார் பணம் இருந்தால் பாறையிலும் பருத்தி விளையும்" என்கிற பாவனையில் சிரித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கிறது என்று உணர்ந்தவர் ஸீமன் நாப் என்னும் கிழவர். 1833-ல் பிறந்தவர், வாத்தியாராகவும், விவசாயியாகவும், கலாசாலைத் தலைவராகவும் இருந்து பார்த்தவர். 1903-ல், 70 வயதை எட்டும் சமயத்தில், டெரல் என்னும் சிறு பட்டணத்துக்கு வந்தார். சர்க்கார் பண்ணை வேண்டாம் என்றார். உங்களில் ஒருவரே தம்முடைய சொந்த நிலத்தில், தம்முடைய சொந்தச் செலவில், நான் சொல்லுகிறபடி பயிர் செய்யட்டும். நஷ்டம் வந்தால் ஈடு செய்வதற்கு ஊரார் சேர்ந்து ஒரு நிதி திரட்டி வையுங்கள் என்றார். வால்டர் போர்ட்டர் என்பவர் முன்வந்தார். நாப் சொன்ன யோசனைகளில் மாயம் ஒன்றும் இல்லை: சீக்கிரம் முதிரும் விதை, முன்கூட்டியே விதைப்பு, செடிக்குச் செடி நல்ல இடைவெளி, அடிக்கடி களைகொத்துதல், அறுவடை ஆனதும் பழைய செடிகளைப் பிடுங்கிக் கொளுத்துதல். அவ்வளவுதான். வருஷ முடிவில், பழைய முறையில் கிடைத்திருக்கக் கூடியதைவிட 700 டாலர் அதிகம் கிடைத்ததாகப் போர்ட்டர் கணக்குக் காட்டினார். ஊரார் திரட்டி வைத்த நஷ்ட நிதிக்கு வேலையே இல்லாமற் போயிற்று.

காதால் கேட்டதை ஒருவன் சந்தேகிக்கலாம், கண்ணால் கண்டதையும் சந்தேகிக்கலாம், தானே கையால் செய்ததை மட்டும் சந்தேகிக்க முடியாது என்பது நாப் அடிக்கடி சொல்லிவந்த கருத்து. நம் ஊர் மாமியார்கள் மருமகளுக்குச் சமையல் சொல்லிக் கொடுக்கும்போது அநுசரிக்கும் தத்துவமும் ஏறக்குறைய இதுதான்!

1906-ல் அதே ராஜ்யத்தைச் சேர்ந்த ஸ்மித் கவுண்டி என்னும் இடத்தில், அந்தக் கவுண்டிக்கு மட்டுமே உரிய ஏஜெண்டு ஒருவர் நியமிக்கப்பட்டார். கவுண்டி என்பதை நம்முடைய தாலுகா, ஜில்லா இவற்றுக்கு நடுவிலுள்ள ஒரு பிரிவாக நேயர்கள் வைத்துக் கொள்ளலாம். அவருடைய சம்பளத்தில் ஒரு பங்கை அவ்வூர் வியாபாரிகளே ஏற்றுக் கொண்டார்கள். விவசாயி நொடித்தால் கடையும் நொடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதே 1906-ல், அலபாமா ராஜ்யத்தில் டஸ்கீஜி கலாசாலையிலிருந்து ஒரு வண்டி புறப்பட்டது. அடிமைகளாகப் பிறந்து கலாசாலைத் தலைவராகவும் பேராசிரியராகவும் உயர்ந்த புக்கர் வாஷிங்டன், ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்னும் இருவரும் யோசித்துச் செய்த வண்டி அது. கலப்பை, வெண்ணெய் கடையும் கருவி முதலான பல சாமான்களை ஏற்றிக்கொண்டு, கோவேறு கழுதைகள் இழுக்க, ஏழைக் கறுப்பு இன விவசாயிகளின் குடிசை வாசலுக்கே அது போயிற்று. தாமஸ் காம்பெல் என்பவர் அதன் பொறுப்பாளர். பள்ளிக்கூடத்துக்கு வர முடியாதவனுடைய வீட்டு வாசலுக்குப் பள்ளிக்கூடமே போய் நிற்பதைக் காட்டிலும் பெரிய தேசத் தொண்டு எது என்று நமக்குத் தெரியவில்லை.

குழந்தைகளின் கதை இன்னும் ரஸமானது. தகப்பனார்கள் புதுமுறையை ஏற்கத் தயங்கினார்கள். ஆகவே பையன்களைப் பிடித்தார்கள். 1902-ல் ஒஹையோ ராஜ்யத்தில் கிரஹாம் என்னும் பள்ளி அதிகாரி தொடங்கிய சிறுவர் சங்கம் இதில் முன்னோடி. தென் ராஜ்யங்களில் ஒவ்வொரு பையனுக்கும் ஓர் ஏக்கர்; அதிலே மக்காச்சோளம். 1910-ல் தென் கரோலினாவைச் சேர்ந்த ஜெரி மூர் என்னும் சிறுவன் தன் ஓர் ஏக்கரில் 228 புஷலுக்கு மேல் விளைவித்துத் தேசத்தையே திடுக்கிடச் செய்தான். பெரியவர்கள் அதில் பத்தில் ஒரு பங்கு கண்டாலே திருப்தி அடைந்த காலம் அது. வேலிக்கு இந்தப்புறம் மகனுடைய சோளம் ஆளுயரத்துக்கு மேல் நிற்க, அந்தப்புறம் தன்னுடைய சோளம் இடுப்பளவு நின்றால் எந்தத் தகப்பனுக்குத்தான் ரோஷம் வராது?

அதே ராஜ்யத்தில் மேரி குரோமர் என்னும் கிராமப் பள்ளி உபாத்தியாயினி, பையன்களுடைய சங்கத்தைப் பற்றிய பிரசங்கம் ஒன்றைக் கேட்டுவிட்டு, "பெண் குழந்தைகளுக்கு ஒன்றும் கிடையாதா?" என்று எண்ணமிட்டார். 1910-ல் தக்காளிச் சங்கம் பிறந்தது. ஒவ்வொரு சிறுமிக்கும் ஓர் ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு நிலம். பயிரிடுவது, பறிப்பது, வேகவைத்து டப்பாவில் அடைப்பது, விற்பது, கணக்கு எழுதுவது எல்லாம் அவளே. தன் கையால் சம்பாதித்த பணத்தைத் தன் கையில் எண்ணிப் பார்ப்பது அநேகம் சிறுமிகளுக்கு அதுவே முதல் தடவை. மகளைத் தொடர்ந்து தாயாரும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். வீடுகளுக்கு வந்து ஸ்திரீகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் பெண் ஏஜெண்டுகள் தோன்றியது இவ்வாறுதான். நாலிலைப் புல்லைச் சின்னமாகக் கொண்ட சிறுவர் இயக்கமும் இதே வேரிலிருந்து கிளைத்ததுதான்.

இவை எல்லாவற்றையும் ஒன்று சேர்த்து 1914-ஆம் வருஷம் மே மாதம் 8-ஆம் தேதி ஜனாதிபதி வில்ஸன் கையெழுத்திட்ட சட்டத்துக்கு ஸ்மித்-லீவர் சட்டம் என்று பெயர். மத்திய சர்க்கார் கொடுக்கும் பணத்துக்கு ராஜ்ய சர்க்காரும் பங்கு போட வேண்டும்; கவுண்டியும் தன்னால் இயன்றதைச் சேர்க்கும். ஆனால் நமக்கு முக்கியமாகத் தோன்றுவது பணக் கணக்கன்று. அந்த ஏஜெண்டு கலாசாலையைச் சேர்ந்தவர் என்பதுதான். அவர் வரி வசூலிக்க வந்தவர் அல்ல, அபராதம் போட வந்தவர் அல்ல. பாடம் சொல்ல வந்தவர். பாடம் பிடிக்காவிட்டால் விவசாயி அவரை மோர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

அமெரிக்காவைத் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடுவதாக யாரும் எண்ண வேண்டாம். அந்த ஏற்பாட்டில் இருந்த களங்கங்கள் சிறியவை அல்ல. தென் ராஜ்யங்களில் சட்டப் பணம் முழுவதும் வெள்ளையர் கலாசாலைகளுக்கே போயிற்று. கறுப்பு இன ஏஜெண்டுகள் குறைந்த சம்பளத்தில், தனி ஆபீஸ்களில், வெள்ளையர் மேற்பார்வையில் வேலை செய்தார்கள். 1964-ல் உரிமைச் சட்டம் வந்த பிறகுதான் அந்தச் சுவர் சட்டப்படி இடிந்தது. இன்னொன்றும் உண்டு. 1933-ல் பருத்தி விலை படுத்துவிட்டது. நிலத்தில் நின்ற பயிரை உழுது அழிப்பவர்களுக்குச் சர்க்கார் பணம் கொடுத்தது. அந்தக் கணக்கு வழக்கை யார் பார்ப்பது? கவுண்டி ஏஜெண்டுதான்! நேற்று வரை பருத்தி வளர்க்கச் சொல்லிக் கொடுத்தவர், இன்று யார் எத்தனை ஏக்கர் அழித்தார்கள் என்று அளந்து, பாரம் பூர்த்தி செய்து, பணம் பட்டுவாடாவுக்கு வழி செய்தார். பணம் நிலச் சொந்தக்காரர்கள் கைக்குப் போயிற்று. குத்தகைக்காரர்களில் பலர் நிலத்தைவிட்டு வெளியேறினார்கள். வாத்தியாரைக் குமாஸ்தாவாக்கினால் என்ன நேரும் என்பதற்கு அது ஒரு பாடம்.

இந்த வித்தை நம் நாட்டுக்கு வந்த வழியும் விசித்திரமானது. அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலை கிராமப் பிரசாரத்துக்குப் பேர் போனது. அங்கே விவசாயம் படித்த எல்ம்ஹர்ஸ்ட் என்னும் ஆங்கிலேய வாலிபரைத்தான் ரவீந்திரநாத தாகூர் அழைத்துவந்து, 1922-ல் சாந்திநிகேதனத்துக்கு அருகே ஸ்ரீநிகேதனத்தை நிறுவினார். தெற்கே, சேலத்தில் பிறந்த தமிழரான கே. டி. பால், வாலிபக் கிறிஸ்தவர் சங்கத்தைப் பட்டணத்திலிருந்து கிராமத்துப் பக்கம் திருப்பிவிட்டார். அவருடைய முயற்சியின் பயனாக, அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்ததாகவும் இப்போது நம் கன்யாகுமரி ஜில்லாவைச் சேர்ந்ததாகவும் உள்ள மார்த்தாண்டத்தில், ஸ்பென்ஸர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் 1924-ல் ஒரு கிராம நிலையத்தை அமைத்தார். அவரும் கார்னெல்காரர்தான்.

ஹாட்ச் அங்கே டிராக்டர் கொண்டுவந்து இறக்கவில்லை. கோழியையும் தேனீயையும் எடுத்துக் கொண்டார். வீட்டுக் கொல்லையில் மேயும் நாட்டுக் கோழியோடு நல்ல ஜாதிச் சேவலைச் சேர்ப்பது. முட்டைகளைத் தரம் பிரித்துக் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் நல்ல விலைக்கு விற்பது. பொந்திலிருக்கும் தேனடையைப் புகைபோட்டுப் பிழிந்து, புழுவும் மெழுகுமாக எடுத்த தேனுக்குப் பதில், மரப்பெட்டியில் இந்தியத் தேனீயையே வளர்த்து, அடை சிதையாமல் கருவியில் சுழற்றித் தெளிந்த தேன் எடுப்பது. நிலமே இல்லாதவனும் தேன் பெட்டி வைக்கலாம் அல்லவா? பூ யாருடைய தோட்டத்தில் பூத்தால் என்ன? 1991-92-ல் ஒரு விஷ நோய் வந்து தென்னாட்டுத் தேன் கூடுகளைப் பாழாக்கிற்று. அப்படியும் மார்த்தாண்டத்துத் தேன் என்றால் இன்றும் ஒரு மதிப்பு இருக்கிறது.

சுதந்திரம் வந்த பிறகு 1952-ஆம் வருஷம் காந்தி ஜயந்தியன்று சமூக அபிவிருத்தித் திட்டமும், அடுத்த வருஷம் தேசிய விஸ்தரிப்புச் சேவையும் தொடங்கின. கிராம சேவகர் என்று ஒருவர் சைக்கிளில் வந்தார். ஏறக்குறைய 10 கிராமங்களுக்கு ஒருவர். விவசாயம், சுகாதாரம், சாலை, பள்ளிக்கூடம், முதியோர் கல்வி எல்லாம் அவர் தலையில். பத்துக் குழந்தை பெற்ற தாயார்கூட அவரைப் பார்த்து இரக்கப்பட்டிருப்பார். 1960-ல் தீர்மானமான தீவிர விவசாய ஜில்லாத் திட்டத்துக்கு முதலில் பொறுக்கிய 7 ஜில்லாக்களில் தஞ்சாவூர் ஒன்று. அதன் பலன்களில் நமக்கு மிகவும் பிடித்தது "ரேடியோ நெல்".

ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில், ஜப்பானிய நெல்லையும் நம் ஜி.இ.பி. 24-ஐயும் சேர்த்து உண்டாக்கிய ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால ரகம் 1960-களின் நடுவில் வெளிவந்தது. குறுவைக்கு ஏற்றது. திருச்சி வானொலியின் பண்ணை இல்ல ஒலிபரப்பு, நாற்று விடுவதிலிருந்து அறுவடை வரை அதன் சாகுபடி முறையைத் திரும்பத் திரும்பச் சொல்லிற்று. டீக்கடை வாசலிலும் பஞ்சாயத்து ஆபீஸ் திண்ணையிலும் உட்கார்ந்து கேட்ட விவசாயிகளுக்கு ஏ.டி.டி. என்ற எழுத்துக்கள் நாவில் நிற்கவில்லை. விதைக் கிடங்குக்குப் போய், "ரேடியோ நெல் இருக்குதா?" என்று கேட்டார்கள். பெயர் நிலைத்துவிட்டது. பண்டிதர் வைத்த பெயரைத் தள்ளிவிட்டு விவசாயி தானே ஒரு பெயர் வைத்தால், அந்தப் பொருளை அவர் தம்முடையதாக ஏற்றுக் கொண்டார் என்று அர்த்தம்.

1974-ல் நாட்டின் முதல் விவசாய விஞ்ஞான கேந்திரம் புதுச்சேரியில் தோன்றியது. இன்று தேசம் முழுவதும் அவை 700-க்கு மேல் இருக்கின்றன. 1986-ல் டென்மார்க் தேசத்தின் உதவியுடன் தமிழ்நாட்டில் விவசாயப் பெண்களுக்கென்றே பயிற்சித் திட்டம் ஒன்று ஏற்பட்டது. பெண்கள் கற்றுக்கொண்ட காரியங்கள் எவ்வளவு எளியவை என்பதற்கு ஓர் உதாரணம். ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் புது முட்டையைப் போடுங்கள்; மூழ்கும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள். ஒரு காசு அகலம் வெளியே தெரியும்படி முட்டை மிதக்கும். இப்போது முட்டையை எடுத்துவிட்டு விதை நெல்லைக் கொட்டினால், பதரும் அரைகுறை மணியும் மேலே வந்துவிடும். கனத்த விதை அடியில் தங்கும். அதை நல்ல தண்ணீரில் கழுவி விதைக்க வேண்டியதுதான். இதற்கு மானியம் எதற்கு, மனு எதற்கு? ஒருவர் வந்து ஒரு தடவை செய்து காட்டினால் போதும்.

அந்த ஒருவர்தான் கிடைப்பதில்லை. 2003-ல் இந்திய சர்க்காரின் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் விவசாயக் குடும்பங்களை விசாரித்தது. புதிய முறைகளைப் பற்றி எங்கிருந்தாவது செய்தி பெற்றவர்களே 100-க்கு 40 வீடுதான். பிற விவசாயிகளிடம் தெரிந்து கொண்டவர் 16.7 சதவிகிதம், உரம், மருந்து விற்பவர்களிடம் தெரிந்து கொண்டவர் 13.1 சதவிகிதம், ரேடியோ 13 சதவிகிதம். இதற்கென்றே சம்பளம் பெறும் உத்தியோகஸ்தரிடம் தெரிந்து கொண்டவர் 5.7 சதவிகிதம்.

கடைக்காரர்மேல் நாம் குற்றம் சொல்லமாட்டோம். அவர் கடை காலையிலும் திறந்திருக்கிறது, இரவிலும் திறந்திருக்கிறது, கடனும் கொடுக்கிறார். ஆனால் பாட்டில் விற்பவரிடம் போய், "பாட்டில் வேண்டியதில்லை" என்னும் யோசனையை எதிர்பார்ப்பது நியாயமா? உத்தியோகஸ்தர்மேலும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. மானியப் பட்டியல், காப்பீடு, பரப்புக் கணக்கு, போட்டோ எடுத்து மேலே அனுப்புதல் என்று அவர் பொழுது போய்விடுகிறது. இத்தனை மானியம் பட்டுவாடா ஆயிற்று என்று மேலதிகாரிக்குக் கணக்குக் காட்டலாம். ஒரு வெளுத்த குருத்தை நின்று பார்த்ததை எந்தப் பாரத்தில் எழுதுவது? கைபேசியில் "உழவன்" செயலி 2018-லிருந்து இருக்கிறது, விலையும் வானிலையும் சொல்கிறது, நல்லதுதான். எனினும் மண்ணிலே இறங்கி, வேரைப் பிடுங்கி மோந்து பார்க்கும் மூக்கு அதற்கு இல்லை. பாடம் சொல்பவர் ஒருவர், பணம் பட்டுவாடா செய்பவர் வேறொருவர் என்று பிரித்துவிட வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம். செலவு கூடும் என்பார்கள். அந்தத் துரு விழுந்த வயலில் போன மகசூலும் செலவுதானே?

அந்த விவசாயியின் கதையை முடிக்காமல் விட்டுவிட்டோம். நாம் ஊர் திரும்பிய பிறகு உறவினர் தெரிவித்த விவரம் இது. விவசாயக் கல்லூரிகளில் கடைசி வருஷ மாணவர்களைக் கிராமத்தில் தங்கிப் பயில அனுப்புகிறார்கள் அல்லவா? அப்படி அவ்வூருக்கு வந்த மாணவிகளில் ஒருத்தி அந்த வரப்பு வழியே போயிருக்கிறாள். பயிரைப் பார்த்தாள், போட்டோ எடுத்துத் தன் ஆசிரியருக்கு அனுப்பினாள், துத்தநாகச் சத்துக் குறைவு என்று பதில் வந்தது. தண்ணீரை வடித்துவிட்டு, ஏக்கருக்கு 10 கிலோ சிங்க் சல்பேட்டை மணலில் கலந்து தூவச் சொன்னாள்.

"ஏம்மா, நீ எத்தனை போகம் பார்த்திருக்கே?" என்று கேட்டாராம் விவசாயி.

"ஒரு போகமும் பார்க்கலீங்க தாத்தா. ஒரு மாவிலே மட்டும் போட்டுப் பாருங்க, மத்ததை அப்படியே விட்டு வையுங்க" என்றாளாம் அந்தப் பெண். ஸீமன் நாப்பின் பெயரை அவள் கேள்விப்பட்டிருப்பாளோ என்னவோ!

ஒரு மாவில் போட்டார். 10 நாளில் அந்த மா மட்டும் பச்சை கட்டியது. அதற்குப் பிறகுதான் மற்ற வயல்களுக்கும் வாங்கிப் போட்டாராம். மருந்துப் பாட்டில் இன்னும் அவர் வீட்டு மாடத்தில் திறக்காமல் இருக்கிறது. மாணவிகள் பயிற்சி முடிந்து போய்விட்டார்கள். பக்கத்து வயல்காரர்கள் இப்போது தங்கள் வயலில் இலை வெளுத்தால் ஒரு பயிரைப் பிடுங்கிக்கொண்டு இவர் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்களாம்.